பெரிய குடும்பத்திற்கு ஏற்ற வீட்டுவண்டி

சங்கராபுரம் பக்கத்திலிருந்து ஓர் அன்பர் கடிதம் எழுதியிருக்கிறார். அவர் வீட்டில் பதினொரு பேர்: தாத்தா, பாட்டி, அண்ணன் தம்பி இருவர், அவர்களுடைய மனைவிமார், கல்யாணம் ஆகாத அத்தை ஒருவர், குழந்தைகள் நால்வர். சினிமாப் படப்பிடிப்பிலே நிற்கிற கேரவன் வண்டியைக் குழந்தைகள் எங்கேயோ பார்த்துவிட்டார்களாம். அன்றிலிருந்து வீட்டில் நிம்மதி இல்லை. "நம்மைப் போன்ற சம்சாரிகளுக்குக் கட்டுப்படியாகிற விலையில் அப்படி ஒன்று வாங்க முடியுமா? எதைப் பார்த்து வாங்குவது? முதலில் கல்வராயன் மலைக்கும், கோடை விடுமுறையில் இராமேசுவரத்துக்கும் போய்வர வேண்டும் என்பது எங்கள் ஆசை" என்று கேட்கிறார்.

நல்ல ஆசைதான். ஆனால் இன்ன கம்பெனி வண்டியை வாங்குங்கள் என்று சொல்வதற்கு முன்னால், அந்த அன்பரை நான் ஒரு கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது. உங்கள் குடும்பம் பிரயாணம் கிளம்பும்போதெல்லாம் வீட்டிலேயே தங்கிவிடுகிறவர் யார்?

பெரும்பாலான வீடுகளில் பாட்டிதான் தங்கிவிடுகிறார். "மாட்டையும் வீட்டையும் யார் பார்ப்பது? நீங்கள் போய் வாருங்கள்" என்று சொல்லிவிடுகிறார். கேட்பவர்களும் அதைத் தியாகம் என்று எண்ணித் தலையசைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். உண்மைக் காரணம் வேறு. வண்டியின் படி உயரம். பாட்டியின் முழங்கால் அதற்கு இடம் கொடுப்பதில்லை. வழியில் கழிவறை கிடைப்பது அரிது. கிடைத்தாலும் உள்ளே கால் வைக்கும்படி இருப்பதில்லை. காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் வயிற்றைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க அவரால் ஆகாது. இதை வாய்விட்டுச் சொல்ல வெட்கப்பட்டு, மாட்டின் மேல் பழியைப் போட்டுவிடுகிறார்.

ஆகையால் பெரிய குடும்பத்துக்கு வண்டி தேர்ந்தெடுப்பது என்றால், யாரையும் விட்டுவிட்டுப் போகாதபடி தேர்ந்தெடுப்பது என்றே பொருள். இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றவை தாமாக வரிசைப்பட்டுவிடும். முதலில் இருக்கை, இரண்டாவது கழிவறை, மூன்றாவது படுக்கை, கடைசியில் சமையல். விற்பவர்கள் இந்த வரிசையைத் தலைகீழாக்கிக் காட்டுவார்கள். பளபளக்கும் அடுப்பையும் மெத்தையையும் முதலில் திறந்து காட்டுவார்கள். வாங்குகிறவர் மயங்கக் கூடாது.

வீட்டுவண்டி என்பது மேல்நாட்டில் பணக்காரரின் விளையாட்டாகவே தொடங்கியது. கார்டன் ஸ்டேபிள்ஸ் என்ற கடற்படை மருத்துவர் 1885-இல் இங்கிலாந்தில் 'வாண்டரர்' என்னும் வண்டியைக் கட்டுவித்தார். இரண்டு குதிரைகள் இழுத்த அந்த வண்டியில், உல்லாசமாக ஊர் சுற்றிப் பார்ப்பதற்கென்று அவர் பிரயாணம் செய்தார். கூடவே வண்டிக்காரன் ஒருவன், பணியாள் ஒருவன். அதாவது ஒரு கனவான் சுகமாகத் தூங்குவதற்காக ஒரு வண்டி! நம் ஊர்க் கூண்டு வண்டியின் தர்மமோ வேறு. வைக்கோலைப் பரப்பி, மேலே ஜமக்காளம் விரித்து, கட்டுச்சோற்று மூட்டையோடு குடும்பம் முழுவதையும் அதில் ஏற்றினார்கள். வண்டி பிரயாணத்துக்கு, தூங்குவதற்குச் சத்திரம். இந்தப் பழைய பாகுபாட்டில் பெரிய குடும்பத்துக்கு இன்றும் நல்ல புத்தி இருக்கிறது.

இனி இருக்கைக்கு வருவோம். உள்ளே வீடு போல அமைத்த கேரவன்கள் சாதாரணமாக 4 பேர் முதல் 6 பேர் வரை படுப்பதற்கு ஏற்றவை. ஒரு கட்டில் போடும் இடத்தில் இரண்டு மூன்று இருக்கைகள் போய்விடும். நமது அன்பரின் வீட்டில் ஒருவர் ஓட்டினாலும் மீதி 10 பேர் இருக்கிறார்கள். அத்தனை பேருக்கும் முன்னோக்கிய இருக்கையும் இடுப்புப் பட்டையும் வேண்டும். ஓரமாகப் போட்ட சோபா வண்டி நிற்கும்போது பேசிக்கொண்டிருப்பதற்கு நன்றாயிருக்கும். ஓடும்போது அது இருக்கை ஆகாது. கட்டிலில் குழந்தைகளைப் படுக்கவைத்துக்கொண்டு மலை ஏறுவதோ, கேட்கவே வேண்டாம். ஆகவே "எத்தனை பேர் படுக்கலாம்?" என்று கேட்பதை விட்டு, "பதிவுச் சான்றில் எத்தனை இருக்கை குறித்திருக்கிறது?" என்று முதலில் கேளுங்கள். அந்த எண் 11-க்குக் குறைந்தால், வண்டி எவ்வளவு அழகாயிருந்தாலும் உங்களுக்கு உதவாது. பாட்டி மறுபடியும் மாட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

அடுத்தது பாரம். இதைக் கரும்பலகைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். பெரியவர்கள் ஏழு பேர், ஆளுக்கு 60 கிலோ வீதம் 420. குழந்தைகள் நால்வர், 30 கிலோ வீதம் 120. துணிமணி ஆளுக்கு 8 கிலோ வீதம் 88. தண்ணீர் 100 லிட்டர் என்றால் 100 கிலோ. கட்டில் பலகை, அலமாரி, அடுப்பு, பாட்டரி எல்லாமாக 250 என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட்டினால் 978 கிலோ. ஏறத்தாழ ஒரு டன். வண்டியின் வெற்று எடையோடு இதைச் சேர்த்தால், தயாரித்தவர்கள் குறித்திருக்கும் மொத்த எடைக்குள் அடங்குகிறதா என்று பாருங்கள். அடங்காவிட்டால் பலகையையும் அலமாரியையும்தான் கழற்றி வைக்க வேண்டும். பாட்டியைக் கழற்றி வைக்கக் கூடாது.

பாரத்தைப் பற்றி இவ்வளவு சொல்வதற்குக் காரணம், அவர்கள் முதலில் போக விரும்பும் மலைதான். கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வரைக்கும் சமவெளி. கோமுகி அணையைத் தாண்டியதும் வெள்ளிமலைக்கு ஏறும் பாதை வளைந்து வளைந்து செல்கிறது. கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்த கல்வராயன், சேர்வராயன் மலையைப் போல வானளாவியது அல்ல. பெரும்பகுதி 2,000 அடி முதல் 3,000 அடி வரை உயரமுள்ளது. ஆனால் திருப்பங்களுக்குக் குறைவில்லை. நீளமான வண்டி அங்கே ஒரே மூச்சில் திரும்பாது. கூரையின் மேல் தண்ணீர்த் தொட்டியும் மூட்டை முடிச்சும் ஏற்றிய வண்டி திருப்பத்தில் சாயப் பார்க்கும். தண்ணீரைத் தரைக்குக் கீழேயாவது, இரண்டு சக்கரங்களுக்கு நடுவிலாவது வைக்க வேண்டும். இறங்கும்போது பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். தாழ்ந்த கியரிலேயே இறங்க வேண்டும். எத்தனை ஆண்டு சமவெளியில் ஓட்டியிருந்தாலும், 11 உயிர்களோடு முதல் தடவை மலை ஏறும்போது, மலைப்பாதை பழகிய டிரைவர் ஒருவரை வைத்துக்கொள்வது குறைவாகாது.

கழிவறை விஷயத்தை எழுதுவதற்குக் கௌரவப் பத்திரிகைகள் சில தயங்கக்கூடும். ஆனால் பெண்களும் முதியவர்களும் குழந்தைகளும் வீட்டுவண்டியால் அடையக்கூடிய முதற்பெரும் சுகம் இதுதான். பதினாயிரக்கணக்கில் செலவழித்து மெத்தை தைப்பதைவிட, கையால் தூக்கி வெளியே எடுக்கக்கூடிய சிறு தொட்டியுள்ள கழிவறைப் பெட்டி ஒன்றும், அதைச் சுற்றிக் கட்ட ஒரு திரையும், பிடித்துக்கொள்ள ஒரு கம்பியும் போதும். வண்டியில் ஏற மடக்குப்படி ஒன்றும் கைப்பிடி ஒன்றும் பொருத்திவிட்டால், பாட்டியின் இரண்டு தடைகளும் தீர்ந்தன.

தொட்டியை எங்கே காலி செய்வது என்பது அடுத்த கேள்வி. மலையிலே காட்டோடை ஓடுகிறதே என்று எண்ணிவிடாதீர்கள். கோமுகியும் மணிமுக்தாவும் கல்வராயன் மலையிலேதான் பிறக்கின்றன; கீழே வந்து வெள்ளாற்றில் சேர்கின்றன. மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள் குடிக்கும் தண்ணீர் அது. கீழே நம் நெல்வயலுக்குப் பாயும் தண்ணீரும் அதுதான். ஓடையில் கொட்டினால் ஊரார் குடத்தில் கொட்டினதாகும். தங்கும் விடுதியில் சொல்லி, அங்குள்ள மலத்தொட்டியில் சேர்ப்பதே முறை.

மேல்நாட்டில் வீட்டுவண்டிகள் சௌகரியமாக ஓடுவதற்கு இதுவே இரகசியம். அங்கே வண்டியை நிறுத்தி, தண்ணீர் பிடித்து, மின்சாரம் எடுத்து, கழிவை இறக்கிவிட்டுப் போவதற்கென்று திடல்கள் உண்டு. நம் அண்டை இராஜ்யமான கேரளத்தில் 2021-இல் கேரவன் சுற்றுலாவுக்கென்று ஒரு திட்டத்தை அரசாங்கத்தார் அறிவித்தார்கள். 2022-இல் வாகமண்ணில் அத்தகைய திடல் ஒன்று திறக்கப்பட்டது. திடல் இல்லாத இடத்தில் வண்டியை மட்டும் வாங்குவது, துறை இல்லாத ஆற்றுக்குப் படகு வாங்குவது போல. நாமே துறையை ஏற்பாடு செய்துகொண்டுதான் கிளம்ப வேண்டும். காட்டு இலாகாவின் எல்லைக்குள் இரவு தங்குவதானால் அவர்களுடைய அனுமதியும் அவசியம்.

இனிப் படுக்கை. பதினொரு பேரும் வண்டிக்குள்ளேயே தூங்க வேண்டும் என்ற ஆசையை விட்டுவிடுங்கள். செலவில் பாதி அதிலேயே குறைந்துவிடும். தாத்தா பாட்டிக்கு மட்டும், இருக்கைகளைச் சாய்த்து இரண்டு படுக்கை அமைத்தால் போதும். மற்றவர்களுக்கு விடுதியில் இரண்டு அறை எடுக்கலாம். மழையில்லாத காலமானால், அனுமதி பெற்ற இடத்தில் கூடாரம் அடிக்கலாம். குழந்தைகளுக்குக் கூடாரம் என்றால் மெத்தையே வேண்டாம்.

வண்டிக்குள் தூங்குகிறவர்களைப் பற்றி இன்னும் ஓர் எச்சரிக்கை. 2024 டிசம்பரில் கேரளத்து வடகரையில் சாலையோரம் நிறுத்தியிருந்த கேரவன் ஒன்றில் இருவர் இறந்துகிடந்தார்கள். குளிர்சாதனத்துக்காக ஓடிய ஜெனரேட்டரின் நச்சுவாயு உள்ளே புகுந்ததே காரணம் என்று பிறகு கண்டறிந்தார்கள். கார்பன் மோனாக்சைடு என்ற அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்குகிறவன் விழிப்பதும் இல்லை. ஆகையால் ஜெனரேட்டரோ, எஞ்சினோ, அடுப்போ எரிந்துகொண்டிருக்கையில் மூடிய வண்டிக்குள் தூங்கவே கூடாது. மலையில் இரவுக் குளிருக்குச் சன்னலைச் சிறிது திறந்துவைத்துக் கம்பளி போர்த்திக்கொள்வது, மூடிவைத்துக் கரி மூட்டுவதைவிட ஆயிரம் மடங்கு மேல்.

சமையலைக் கடைசியில் வைத்தேன். அதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது நெருப்பு. 2023 ஆகஸ்டு 26-ஆம் தேதி அதிகாலை, மதுரை ரயில் நிலையத்தில் நிறுத்தியிருந்த யாத்திரிகர் பெட்டி ஒன்று தீப்பிடித்து 9 பேர் மாண்டார்கள். லக்னோவிலிருந்து வந்த அந்த யாத்திரிகர்கள், விதிக்கு விரோதமாகப் பெட்டிக்குள் காஸ் சிலிண்டர் கொண்டுவந்திருந்தார்கள். சமையல் காஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் தரையோடு தரையாகத் தங்கும். மேலே சன்னல் திறந்திருக்கிறது என்று நிம்மதி அடைய முடியாது. எனவே சமையலை வண்டிக்கு வெளியே, மரநிழலில், தனிப் பெட்டியில் கொண்டுபோன அடுப்பில் செய்யுங்கள். ஓடும் வண்டியில் அடுப்பு எரியவே கூடாது. சிலிண்டர் வால்வு மூடியிருக்கிறதா என்று கிளம்புமுன் ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும்.

இரண்டாவது காரணம், சமைக்கிறவர்களைப் பற்றியது. வண்டியிலே சமையலறை இருந்தால் அதற்குள் யார் நிற்பார்கள்? வீட்டில் நிற்கிற அதே இரண்டு மருமகள்மார்தாம். மற்ற ஒன்பது பேர் பெரியார் நீர்வீழ்ச்சியில் குளித்துக்கொண்டிருக்கையில், அவர்கள் இருவரும் 11 பேருக்குத் தோசை வார்த்துக்கொண்டிருப்பார்கள். வீட்டையே சக்கரத்தின் மேல் ஏற்றிக்கொண்டு போனால், வீட்டு வேலையும் கூடவே ஏறிக்கொண்டு வரும். முதல் நாளைக்குப் புளியோதரையும் இட்லி மிளகாய்ப் பொடியும் கட்டிக்கொள்ளுங்கள். மறுநாள் வெள்ளிமலைக் கடையில் சாப்பிடுங்கள். அடுப்பு மூட்டியே தீரவேண்டும் என்றால் காப்பிக்கும் குழந்தைகளின் கஞ்சிக்கும் மட்டும் மூட்டி, பாத்திரம் கழுவும் பொறுப்பை ஆண்பிள்ளைகள் ஏற்றுக்கொள்ளட்டும். மனைவிமாருக்கும் அது விடுமுறைதானே?

சட்டத்தையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பழைய வேன் ஒன்றை வாங்கி, பட்டறையில் கொடுத்து வீடாக மாற்றிக்கொள்ளலாம் என்று பலர் எண்ணுகிறார்கள். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவின்படி, பதிவில் உள்ள விவரங்கள் மாறும்படி வண்டியை நம் இஷ்டத்துக்கு மாற்றிக் கட்டக் கூடாது. கேரவன் வண்டிகளுக்கென்றே ஏ.ஐ.எஸ். 124 என்ற தரவிதியும் இருக்கிறது. அனுமதியில்லாமல் இருக்கைகளைப் பிடுங்கிக் கட்டில் போட்ட வண்டிக்கு விபத்து நேர்ந்தால், இன்ஷூரன்ஸ் பணம் கேட்கும்போது சிக்கல்தான். இதற்குப் பதில், கழற்றி வைக்கக்கூடிய பெட்டிகளாகவே எல்லாவற்றையும் அமைத்து, வாரினால் இறுகக் கட்டிவிடுவது சட்டத்துக்கும் பொருந்தும், சிக்கனத்துக்கும் பொருந்தும். வாடகைக்கு எடுப்பதானால் மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்துள்ள வண்டியையே எடுங்கள். தெரிந்தவருடைய வெள்ளைப் பலகை வண்டியைக் காசு கொடுத்து எடுப்பது சட்டத்துக்கு விரோதம். ஆபத்துக் காலத்தில் அது கைகொடுக்காது. ஓட்டுகிறவரின் உரிமம் சம்பந்தமாக ஒரு நல்ல செய்தி: இலகு ரக வாகன உரிமம் வைத்திருப்பவர் 7,500 கிலோவுக்கு உட்பட்ட போக்குவரத்து வாகனங்களையும் ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் 2024 நவம்பரில் தீர்ப்பளித்தார்கள்.

கடைசியில் பணம். பின்வருபவை சந்தை விலைகள் அல்ல. கணக்கு விளங்குவதற்காக எடுத்துக்கொண்ட எண்கள். வண்டியும் உள் அமைப்பும் சேர்ந்து 24 லட்சம் ரூபாய். 10 ஆண்டு கழித்து விற்றால் 6 லட்சம் என்று கொள்வோம். தேய்ந்தது 18 லட்சம், ஆண்டுக்கு 1,80,000. இன்ஷூரன்ஸ், வரி, டயர், பழுது, நிறுத்தும் கொட்டகை எல்லாம் ஆண்டுக்கு 70,000. மொத்தம் 2,50,000. வருஷத்தில் 20 நாள் பிரயாணம் செய்தால், டீசல் நீங்கலாக, ஒரு நாளைக்கு 12,500 ரூபாய் ஆகிறது. 100 நாள் செய்தால் 2,500 ரூபாய்தான். இப்போது கள்ளக்குறிச்சி வேன் ஸ்டாண்டுக்குப் போய், 12 பேர் உட்காரும் டெம்போ டிராவலருக்கு டீசல் நீங்கலாக என்ன வாடகை, டிரைவர் படி என்ன என்று கேளுங்கள். அதோடு விடுதி அறை வாடகையைக் கூட்டுங்கள். எல்லாமாக நாளைக்கு 10,000 ஆகிறதென்றால், வருஷத்தில் 25 நாளுக்கு மேல் ஊர் சுற்றுகிறவருக்கே சொந்த வண்டி கட்டும். பள்ளி விடுமுறையையும் அறுவடையையும் கழித்துப் பார்த்தால், பதினொரு பேருக்கும் ஒரே சமயத்தில் 25 நாள் ஓய்வு கிடைக்கிற குடும்பத்தை நான் கண்டதில்லை. மீதி நாளெல்லாம் வண்டி தெருவை அடைத்துக்கொண்டு வெயிலில் காயும். எலிகள் அதில் குடித்தனம் நடத்தும்.

ஆகவே என் யோசனை இது. இந்த வருஷம் வாங்க வேண்டாம். 12 இருக்கையுள்ள வண்டி ஒன்றை இரண்டு நாளைக்கு வாடகைக்கு எடுங்கள். மடக்குப்படியும், கழிவறைப் பெட்டியும், காப்பி அடுப்புப் பெட்டியும் வாங்கிக்கொள்ளுங்கள்; இவை எந்த வண்டிக்கும் பொருந்தும், வீண்போகாது. வெள்ளிமலையில் ஓரிரவு தங்கி வாருங்கள். திரும்பியதும் பதினொரு பேரையும் தனித்தனியே கேளுங்கள்: எங்கே கஷ்டப்பட்டீர்கள்? அந்தப் பதில்களை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். இப்படி மூன்று பிரயாணம் போய்வந்த பிறகும், நோட்டைப் பார்த்தால் சொந்த வண்டி வேண்டும் என்று தோன்றினால் அப்போது வாங்கலாம். எதைக் கேட்டு வாங்குவது என்பதும் அதற்குள் தெரிந்திருக்கும்.

நோட்டில் பாட்டியின் பெயருக்கு எதிரே ஏதாவது எழுதியிருக்கிறதா என்று மட்டும் முதலில் பாருங்கள். காலியாயிருந்தால் அவர் வரவில்லை என்று அர்த்தம். குறை சொல்லியிருந்தாலும் பாதகமில்லை, வந்திருக்கிறார் அல்லவா?